முட்டிக்குக் கீழே ஒன்றும் வேண்டாம்

3 பிப்ரவரி 2025, திங்கள், மதுரை

காலை ஆறரைக்கே கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குச் சிமெண்ட் லோடு வந்துவிட்டது. 80 மூட்டை, ஒவ்வொன்றும் 50 கிலோ. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளில் ஒருவர் தனியாகத் தூக்க ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ வரைதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) சொல்வது 23 கிலோ. அதுவும் சுமை உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருந்தால்தான். இங்கே மூட்டையைத் தரைவரை குனிந்து இறக்குகிறார்கள். கடைசி அடுக்கில் சின்னப் பையன் ஒருவன் அப்படியே நின்றுவிட்டான். "முதுகு பிடிச்சுக்கிச்சு சார்." தைலம் தேய்த்து உட்கார வைத்தோம். சாயங்காலம் வரை அவனால் நிமிர முடியவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

இன்று கொத்தனார் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செங்கலும் தரையில், கலவைச் சட்டியும் தரையில். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு தடவை குனிகிறார். பத்து நிமிடத்தில் 41 தடவை எண்ணினேன். கல் மூன்று கிலோதான். ஆனால் குனியும்போதெல்லாம் முதுகு தூக்குவது கல்லை மட்டுமா? உடம்பில் பாதிக்கு மேல் எடை இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. அத்தனையையும் சேர்த்துத்தான் அது தூக்குகிறது.

6 பிப்ரவரி, வியாழன்

இரண்டு டிரம், மேலே கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகை. கல்லும் கலவையும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், அவரே கொத்தனாராக இருந்தவர், நூறு வருடத்துக்கு முன்பே சாரத்தில் கல்லுக்கென்று தனித் தட்டு வைத்தார். ஒரு கல் வைக்க 18 அசைவு ஆனதை ஏறக்குறைய 5 ஆக்கினார்.

மேஸ்திரி அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "பலகை ஏத்தி இறக்க யாரு கூலி குடுப்பா தம்பி? நமக்குச் சதுரக் கணக்கு." கட்டிய அளவுக்குத்தான் அவருக்குப் பணம். நியாயமான கேள்வி. அந்த ஒரு ஆள் கூலியை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எனக்குத் தோன்றாததைச் சித்தாள் அக்கா சொன்னார். "ஏத்துறப்போ ஒருத்தர் கை குடுப்பாங்க. கீழ இறக்குறதுதான் சார் உசுரு போவும். இப்பப் பலகை மேல அப்படியே வச்சிடலாம்." சும்மாட்டை அவிழ்த்துக் காட்டினார். பழைய நூல் சேலைத் துண்டு, வியர்வையும் சிமெண்டும் ஊறி, நடுவில் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. அதன்மேல்தான் நேற்றுவரை 12 கல், 36 கிலோ. இனி எட்டு போதும் என்றேன். நடை கூடும், கூடட்டும்.

8 பிப்ரவரி, சனி

கம்பி கட்டுபவர்களுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. தளத்தில் விரித்த கம்பிமேல் நின்று, இரண்டாக மடிந்து, கொக்கியால் முறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மணிக்கட்டும் போகிறது, முதுகும் போகிறது. நின்றபடியே கட்ட நீளக் கைப்பிடிக் கருவிகள் உண்டு. இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. இப்போதைக்கு மணிக்கொரு தடவை ஆள் மாற்றி, வெட்டும் வேலைக்கு அனுப்புகிறோம். கம்பி வெட்டும் மேசையை மட்டும் இடுப்பளவுக்கு உயர்த்தியாயிற்று.

சம்பளம் போட்ட பிறகு, காம்பவுண்டுக்கு இறக்கியிருந்த எட்டு அங்குல சாலிட் பிளாக் (உள்ளே துளையில்லாத கான்கிரீட் கல்) ஒன்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். 33 கிலோ. விலையைப் பார்த்து வரைபடத்தில் எழுதியவன் நான்தான். ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. மீதி லோடை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சாரத்துப் பக்கமும் இரண்டு டிரம் வேண்டுமாம். கேட்டது மேஸ்திரி அண்ணன்.