தகிட தகிட தகிட தக

அக்டோபர் 3, 2024, வியாழன், அட்லாண்டா

கராஜில் ஒத்திகை. ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் ட்ரிப்யூட் பேண்ட் எங்களுடையது. நான் கிட்டார். பேஸ் கிட்டார், ஓய்வுபெற்ற தபால்காரர். டிரம்ஸ், ஒரு பல் டாக்டரும் அவர் மகளும். அசல் குழுவில் புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்று இருவர் வாசித்தார்கள். ஒரு ஆளை வைத்து ஒப்பேற்ற முடியாது.

அவர்களுடைய 'விப்பிங் போஸ்ட்' பாட்டின் தொடக்கம்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. பதினோரு எண்ணிக்கை. டாக்டர் உதட்டுக்குள் எண்ணி எண்ணித் தவறவிட்டார். நான் தொடையில் தட்டி "தகிட தகிட தகிட தக" என்றேன். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. மகள் உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது கராஜ் முழுக்க "டக்கிட்டா, டக்கிட்டா". மிருதங்க வகுப்பில் வாங்கிய குட்டெல்லாம் ஜார்ஜியாவில் செலவாகும் என்று யார் கண்டது!

அக்டோபர் 10, வியாழன்

சண்டை. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அசல் குழு வாசித்துப் பதிவானதை ஸ்வரம் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்கிறார் இன்னொரு கிட்டார்காரர். "ஜனங்கள் அதைக் கேட்கத்தானே காசு கொடுக்கிறார்கள்?" அந்த 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிடம். அடுத்து எங்கே போகிறோம் என்று வாசித்தவர்களுக்கே தெரியாமல் போன 23 நிமிடம். அதை நெட்டுருப் போடுவது, யாரோ என்றோ பாடிய கல்பனாஸ்வரத்தை எழுதிவைத்து ஒப்பிப்பது மாதிரி. அசல் குழுவின் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் இரண்டு கிட்டாரில் ஜோடியாகப் போகும் இடங்கள் வேறு விஷயம். அங்கே மயிரிழை பிசகினாலும் அசிங்கம். அதில் அவர் கட்சிதான் நான்.

டுவேன் ஸ்லைடாக, அதாவது கம்பிமேல் வழுக்கி வாசிக்க விரலில், போட்டுக்கொண்டது கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் கண்ணாடிக் குப்பி. இப்போது அதே வடிவத்தில் மாத்திரை இல்லாமலே செய்து விற்கிறார்கள். என்னுடையது மோதிர விரலில் கொஞ்சம் தொளதொள.

அக்டோபர் 20, ஞாயிறு

1977-இல் இதே தேதியில்தான் லினர்ட் ஸ்கினர்ட் என்ற இன்னொரு தெற்கத்தி ராக் குழுவின் விமானம் மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. பாடகர் ரானி வான் ஸான்ட் போனார். கிட்டார் ஸ்டீவ் கெய்ன்ஸும் அவர் அக்கா கேஸியும் போனார்கள். புது ஆல்பம் வந்து மூன்றே நாள். 1987-இல் குழு மறுபடி கூடியபோது ரானியின் தம்பி ஜானி பாட வந்தார். 2023 மார்ச்சில் கிட்டார்காரர் கேரி ராசிங்டனும் இறந்தபின், தொடங்கியவர்களில் ஒருவர்கூட அந்த மேடையில் இல்லை. அதை அசல் குழு என்பதா, எங்களைப் போல ட்ரிப்யூட் பேண்ட் என்பதா? பெயருக்கு உரிமை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார் தபால்காரர்.

அவர்கள் மேடையில் தொங்கிய, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடி எங்கள் பக்கம் வராது. அதை முதல் நாளே பேசி முடித்தாயிற்று.

அக்டோபர் 26, சனி

எங்கள் கச்சேரி. சுமார் எண்பது பேர். பாதிப் பேருக்கு முழங்கால் வலி. 'ஃப்ரீ பேர்ட்' வாசி என்று ஒருவர் கத்தினார். அது வேறு குழு ஐயா!

'விப்பிங் போஸ்ட்' நடுவில் வியர்வையில் குப்பி நழுவி ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உருண்டது. மனப்பாடமும் அதோடு போனது. வெறும் விரலால் ஏதோ வாசித்தேன், சொந்தச் சரக்கு. இன்னொரு கிட்டார் முறைத்தது. டிரம்ஸில் அப்பாவும் மகளும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, விடாமல் என்னைத் துரத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முடிந்ததும் தொப்பிக்காரர் ஒருவர் வந்தார். "ரெக்கார்டில் அப்படி இல்லையே." இல்லைதான் என்றேன். "அடுத்தது எப்போது?" என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய், மேக்கன்

லீவு போட்டுவிட்டு வந்தேன். 1971-இல் இன்றைய தேதியில் டுவேன் இந்த ஊரில்தான் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் பேஸ் வாசித்த பெரி ஓக்லியும் பக்கத்துத் தெருக்களில் அதே மாதிரி. இருவருக்கும் வயது 24.

ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டம் ஆக்மல்கீ ஆற்றை நோக்கிச் சரிகிறது. இருவரையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். டுவேனின் தம்பி, குழுவின் பாடகர் கிரெக்கும் 2017-இல் இங்கேயே வந்துவிட்டார். கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் போனது, கணக்கில் அடங்காத தாளத்தில்.

தபால்காரரிடமிருந்து குறுஞ்செய்தி: "வியாழன் ஏழு மணி. சின்னக் குப்பியாக வாங்கு."