கண்ணன் கோஷ்டி வருதாம்!

"கண்ணன் கோஷ்டி வருதாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எங்கள் வகுப்பில் படிப்பு ஏறாது. எந்தக் கோயில், யாருடைய உபயம், சின்னமேள ஆட்டமும் உண்டா என்ற விசாரணைதான் நாள் முழுக்க. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளரிடம், கிரிக்கெட்டையும் பரிசளிப்பு விழாவையும் மற்றவர்கள் எழுதட்டும், நான் அந்தப் பாட்டுக் கோஷ்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது மெல்லிசைக் கோஷ்டிகள் பல. எங்கள் வாங்கில் (பெஞ்சில்) இருந்த மூவருக்கும் இசைவாணர் கண்ணனுடையது ஒன்றுதான் கோஷ்டி. பின்வாங்குக்காரர் வேறு கட்சி. மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் தாளம் போட்டே சண்டை பிடிப்போம்.

இந்தக் கோஷ்டிகளை வாழவைத்ததில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பங்குண்டு என்று இப்போது நினைக்கிறேன். பிரதமர் சிறிமாவோவின் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதில் செத்தல் மிளகாய் நல்ல விலைக்குப் போனது. பாணுக்குக் கியூவில் நின்ற அதே காலத்தில்தான் வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் காசும் புழங்கியது. அதில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். பூங்காவனத் திருவிழாவுக்குக் கோஷ்டி பிடிக்காத உபயகாரரை ஊர் கொஞ்சம் குறைவாகத்தான் பார்க்கும்.

இந்தியப் படங்கள் எங்களிடம் வந்துசேர வருடக்கணக்காகும். 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் வழியாகத்தான் அவை வரவேண்டும். பாட்டுகள் மட்டும் யாரையும் கேட்காமல் திருச்சி வானொலியில் கடல் தாண்டி வந்துவிடும், பாதி இரைச்சலோடு. இரைச்சல் இல்லாமல் நான் முழுதாகக் கேட்டது கோஷ்டியில்தான். பிறகு தியேட்டரில் அதே பாட்டு வரும்போது, 'இவர் ஏன் இந்த இடத்தில் இப்படி இழுக்கிறார்?' என்று பாடியவரிலேயே பிழை பிடித்திருக்கிறேன்.

ஒரு பூங்காவனம் நன்றாக நினைவிருக்கிறது. புன்னாலைக்கட்டுவன் பக்கம். மூன்று பேர், இரண்டு சைக்கிள். டபிள் போனால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் சந்திக்குச் சந்தி இறங்கி நடந்து போனோம். நாங்கள் மேடைக்கு முன்னால் இருப்பதில்லை. பொங்கோஸ் மேளம் அடிப்பவரின் விரல் தெரிகிற பக்கவாட்டில்தான் எங்கள் இடம். பாடகர் பாட்டு எழுதி வைத்திருக்கும் சி.ஆர். கொப்பிமேல் ரியூப் லைற்றிலிருந்து ஈசல் உதிரும். சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையில் ஒரு ஊது ஊதிவிட்டுத் தாளம் தப்பாமல் அடுத்த வரியைப் பிடிப்பார். பாட்டை விட அந்த ஊதலைத்தான் நாங்கள் வீட்டில் பழகிப் பார்த்தோம்!

நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாணியில் ஒரு பொப் பாட்டு முடிந்தது. பெடியள் ஆடிய புழுதி அடங்கவில்லை. அடுத்ததாக ஒரு புதுப்பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது. கச்சான் விற்ற ஆச்சியின் குப்பி விளக்கைத் தவிர எங்கும் இருட்டு. மைக்கும் இல்லை. ஆனால் பொங்கோஸ் நிற்கவில்லை. பாடகர் வெறுங்குரலில் பாடினார். சனத்தில் ஒருவரும் கூக்காட்டவில்லை. பின்னுக்கு இருந்தவர்கள் எழும்பி முன்னுக்கு வந்தார்கள். குழந்தை ஒன்று அழ, தாய் அதைத் தூக்கிக்கொண்டு தேர்முட்டிப் பக்கம் போனது கூடக் கேட்டது. லைற் திரும்பி வந்தபோது பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது.

1976இல் இளையராஜா வந்த பிறகு கோஷ்டிகளுக்கு வேலை கூடியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து மிளகாய் விலை விழுந்தது, வீடுகளுக்கு கசெற் ரேடியோ வந்தது. எண்பதுகளில் போரால் இரவில் வெளியே போவதே நின்றுபோனது.

அன்று விடிய நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்கு இரசாயன பாடத்தில் நித்திரை தூங்கினேன். சேர் என் வாங்கில் தட்டினார்.

"இரவு எங்கை?"

"கோயில், சேர்."

"கண்ணனோ?"

"ஓம் சேர். இடையிலை லைற் போயிட்டுது..."

சோக்கட்டியை மேசையில் வைத்தார். "லைற் போன பிறகுதானடா வடிவாய்ப் பாட்டுப் படிச்சவை. நீ எந்தப் பக்கம் இருந்தனீ?"