மஞ்சள் பையில் இருந்த மாத்திரைகள்

மருந்துக்கடையில் பெயர் சொல்லாமலே கேட்கப்படுவது சளி மாத்திரை. "மூக்கு ஒழுகுகிறது தம்பி, ஏதாவது கொடு" என்பார்கள். மாத்திரை யாருக்கு, வயது என்ன, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் முறைப்பார்கள். தும்மலுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. தூசியோ மகரந்தமோ ஒவ்வாதவர் உடலில் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டுகின்றன. அது செல்களில் தனக்கென உள்ள இடங்களான ஹெச்1 ஏற்பிகளைத் தூண்டும்போதுதான் தும்மலும் அரிப்பும் தடிப்பும் வருகின்றன. ஆன்டிஹிஸ்டமின் எனப்படும் இந்தச் சளி மருந்து அந்த ஹிஸ்டமினை அழிப்பதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டடை அடிக்கப் போகிறவர் தும்மல் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டால் நன்றாகக் கேட்பது இதனால்தான்.

குளோர்பெனிரமின், ஹைட்ராக்ஸிசின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்துவிடும். அங்கே நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் கண் சொருகும். போதாக்குறைக்கு அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியையும் இவை தடுக்கின்றன. இளைஞருக்கு வாய் உலர்வதோடு போய்விடும். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். மலச்சிக்கல், தள்ளாட்டம், மனக்குழப்பம் எல்லாம் முதுமையில் எளிதாக வரும். மருந்து உடலை விட்டு வெளியேறவும் அதிக நேரம் பிடிக்கும்.

ஒருமுறை ஓர் அம்மா வந்து, தன் அப்பா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றார். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். சளிக்கு ஒன்று, அட்டையின் பின்பக்கப் பொடியெழுத்தில் குளோர்பெனிரமின். அரிப்புக்கு வேறொரு மருத்துவர் எழுதிய ஹைட்ராக்ஸிசின். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். மூன்றும் ஒரே நரம்புச் செய்தியைத் தடுப்பவை! தனித்தனியாகப் பார்த்த எவருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. மூன்றின் பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்து, அப்பாவை உடனே அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். மருந்துகளை மாற்றிய பிறகு பெரியவர் தெளிந்துவிட்டார் என்று மகளே வந்து சொன்னார்.

அமெரிக்காவில் 1991இல் மார்க் பீர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் தொடங்கிவைத்த பட்டியல் ஒன்று உண்டு. முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அது சொல்கிறது; இன்றைய பதிப்பில் இந்தப் பழைய ஆன்டிஹிஸ்டமின்களும் இருக்கின்றன. ஆனாலும் தூக்கம் வரவில்லை என்று அவற்றையே கேட்டு வரும் பெரியவர்கள் குறையவில்லை. நான் கொடுப்பதில்லை. இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

புதியவை பெரும்பாலும் மேல். செடிரிசின் மட்டும் சிலருக்குத் தூக்கம் தரும். அது பெருமளவு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருத்துவர்கள் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 எழுதுவார்கள். ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. அதை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். வெறும் தண்ணீரே போதும் என்று ஒவ்வொரு அட்டையைக் கொடுக்கும்போதும் சொல்லி அனுப்புகிறேன்.