டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்படாத தேதி

பக்கவாதத்துக்காகக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்த அம்மாவை, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை; அம்மாவின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் மூக்கில் உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய், இரண்டு வேளை இன்சுலின் என்று ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது எதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமோ அதை எழுதாமல் அனுப்பிவிட்டார்களே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. பில்லில் பஞ்சு, கையுறை வரை வரி வரியாகச் சரிபார்த்தவர்கள், அம்மாவின் உடம்பில் எந்தக் குழாய் எப்போது போடப்பட்டது என்பதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிய ஊழியர் யூரின் பையைத் தூக்கி அம்மாவின் வயிற்றின் மேலேயே வைத்தார். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது, இல்லையென்றால் பையில் இருப்பது திரும்பி உள்ளே போய்க் கிருமித் தொற்று வரும் என்பதைக்கூட அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கேரளத்தில் பாலியேட்டிவ், அதாவது நோய் தணிப்பு, வீட்டுப் பராமரிப்புக்குப் பதிவு செய்வது சிரமமாக இல்லை. ஊரில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளரிடம் சொன்னோம், அவர் குடும்ப ஆரோக்கிய மையத்தில் (இங்கே ஆரம்ப சுகாதார நிலையம்) பெயர் கொடுத்தார், சிஸ்டர் வீடு தேடி வந்தார். நாட்டிலேயே முதன்முதலாக இதற்கென்று 2008-இல் ஒரு கொள்கை வகுத்த மாநிலம் இது. அதன் பலனை அன்றுதான் நேரில் கண்டேன்.

அந்த சிஸ்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்ததும் சிறுநீர்க் குழாயைக் காட்டிக் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இந்த டியூப் எந்தத் தேதியில போட்டது? எதுக்காகப் போட்டாங்க?" என்பதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தந்த குறிப்பான டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் புரட்டினோம், இரண்டுமே இல்லை. சிறுநீர்க் குழாயின் அளவும் அதை நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூனின் கொள்ளளவும் வெளி முனையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் தேதி இருக்காது. சாதாரண லேடெக்ஸ் குழாயாக இருந்தால் சில வாரங்களிலேயே மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் குழாய் 12 வாரம் வரை இருக்கலாம். எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்று தெரியாமல் கை வைக்க அவருக்கு மனமில்லை. போட்ட காரணம் தெரிந்தால் எடுத்துவிடவே முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்றும் சொன்னார்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் உக்கடம் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து ஏறிப் போனால், ஆவணப் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதால் ஃபைல் உள்ளே போய்விட்டது, நோயாளியே கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். வலது கையே அசையாத என் அம்மா எப்படிக் கையெழுத்திடுவார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை; மறுபடி வாருங்கள் என்று அனுப்பினார். அந்தப் பயணம் முழுவதும் வீண்.

அடுத்த முறை எழுத்து மூலமான விண்ணப்பத்தோடு போனேன். நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி. அதைக் குறிப்பிட்டு எழுதி, விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை கேட்டேன். முத்திரை என்றதும் அவருடைய பேச்சே மாறியது. இந்த நிலைமையில் இருப்பவர்கள் வாய்ப்பேச்சை நம்பி ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாம். விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும், நகலில் முத்திரை இருக்கட்டும்.

கிடைத்த நகலில் எல்லாம் இருந்தது. அவசரப் பிரிவில் சேர்த்த இரவே சிறுநீரின் அளவைக் கணக்கிடுவதற்காகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அளவு பார்க்கும் தேவை சில நாட்களிலேயே முடிந்துவிட்டது, குழாய் மட்டும் அப்படியே விடப்பட்டிருந்தது. குடும்ப ஆரோக்கிய மையத்தின் டாக்டர் இதைப் படித்துவிட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார். சிஸ்டர் பலூனில் இருந்த நீரை ஊசிக்குழலால் முழுவதும் உறிஞ்சிய பிறகு குழாயை மெதுவாக எடுத்தார். அன்று சாயங்காலம் அம்மா தானாகவே சிறுநீர் கழித்தார். வேறு யாருக்கும் இது ஒரு செய்தியாகத் தோன்றாது, எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம்.

இதற்கு நடுவில் இன்சுலினிலும் ஒரு கண்டம் தப்பியது. இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட்டுக்கு உரியதன் மூடி ஆரஞ்சு நிறம். வார்டில் சிவப்பு மூடியையே பார்த்துப் பழகியிருந்ததால், மருந்துக்கடையிலிருந்து வந்த பொட்டலத்தில் ஆரஞ்சு மூடியைக் கண்டதும் பிரிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சாதித்தார். ஒன்று அல்ல. 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியின் மேல் இருக்கும் எண்ணும் சிரிஞ்சின் மேல் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மூக்குக் குழாய் வழியாக ஊட்டுவதை வார்டில் ஒரு சிஸ்டர் காட்டிக் கொடுத்திருந்தார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, என்னைச் செய்யவிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. முறையாகக் கற்றது வீட்டில் பாலியேட்டிவ் சிஸ்டரிடம்தான். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டிய பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். குழாயில் மூக்கின் ஓரத்தில் வைத்த குறி இடம் மாறியிருந்தாலோ, ஊட்டும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். வெளியே வந்த குழாயை வீட்டில் இருப்பவர்கள் உள்ளே தள்ளவே கூடாது. மருந்துச் சீட்டில் இருந்த மாத்திரைகளில் ஒன்று மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடித்துக் கொடுத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சொல்லி, டாக்டரிடம் பேசிச் சாதாரண மாத்திரையாக மாற்றித் தந்ததும் அவர்தான். குழாயோடு போகும் நோயாளிக்கு அந்த மாத்திரையை எழுதியவர் அதை யோசித்திருக்க வேண்டும்.

கடைசியாக முதுகு. வீட்டுக்கு வந்த அன்றே இடுப்பெலும்புக்கு மேல் ஒரு சிவப்பு இருந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. அது படுக்கைப் புண்ணின் தொடக்கம், சம்மரியில் அதுவும் இல்லை. பார்க்க வந்த உறவினர்கள் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கி வந்தார்கள். இரண்டுமே கெடுதல்: தேய்த்தால் அடியிலுள்ள சதை இன்னும் நசுங்கும், வளையம் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தோம், இழுக்காமல் இரண்டு பேர் விரிப்போடு தூக்கி நகர்த்தினோம், குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தோம், பாலியேட்டிவில் இரவலாகக் கொடுத்த காற்று மெத்தையைப் போட்டோம். தோல் கிழியாமலேயே அந்தச் சிவப்பு மறைந்தது.

டிஸ்சார்ஜ் என்று சொன்ன உடனே, பில் கட்டுவதற்கு முன்பாகவே, ஒவ்வொரு குழாயின் தேதியையும் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் கையாலேயே ஒருமுறை ஊட்டியும் ஊசி போட்டும் காட்டுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே நோய் தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ஆலோசனை கேட்கத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056.