பச்சை ஸ்டாம்ப் ஒட்டிய பாட்டில்: லூயிவில் நாட்குறிப்பு

மார்ச் 16, 2024, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜனவரியில் தவறிப்போனார். தொண்ணூறைக் கடந்தவர். ஏழு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று பேசியிருக்கிறோம். கோடை தொடங்கினால் தக்காளி நாற்று கொடுப்பார். பனி கொட்டிய காலைகளில் என் வாசலோடு அவர் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான், ஆனால் அவர் இல்லாதது தெரிகிறது.

வீட்டை விற்கப்போவதாக மகள் சொன்னார். லெக்சிங்டனில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்மெண்டைக் காலி செய்ய ஒரு கை வேண்டும் என்றார், போனேன்.

பெயிண்ட் டப்பா, துருப்பிடித்த ரம்பம், சரம் சரமாகக் கிறிஸ்துமஸ் விளக்கு. பதினொரு மணி இருக்கும். படிக்கட்டுக்கு அடியில் இருட்டு மூலையில் ஒரு தட்டு. அதில் கை விட்டபோது செய்தித்தாள் சுற்றிய ஒன்று தட்டுப்பட்டது. கையில் எடுத்ததுமே நிறைந்த பாட்டில் என்று தெரிந்துவிட்டது.

தாள் கூரியர்-ஜர்னல், மே 3, 1970. முதல் நாள் நடந்த கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் டஸ்ட் கமாண்டர் ஜெயித்த செய்தி. பிரித்தால் உள்ளே ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் விஸ்கி. திறக்காத பாட்டில், மூடிக்கு மேலே குறுக்காகப் பச்சை ஸ்டாம்ப், ஒரு கிழிசல் இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

"அப்பா அங்கதான் வேலை பார்த்தார்" என்றார் மகள். "ஸ்டிட்சல்-வெல்லர் வடிசாலையில. கிட்டங்கியில பீப்பாய் உருட்டுற வேலை."

ஏழு வருடப் பேச்சில் கிட்டங்கி வேலை என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எந்தக் கிட்டங்கி என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

பாட்டிலை மகள் என்னிடமே விட்டுப் போயிருக்கிறார், "என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று. ராத்திரி சாப்பாட்டு மேசையில் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய அமெரிக்க விஸ்கி பாட்டிலுக்கு ஜாதகம் அதன் கழுத்திலேயே இருக்கிறது. 1897இல் வந்த 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் போட்ட நிபந்தனைகள் இவை: ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிட்டங்கியில் குறைந்தது 4 வருடம், பாட்டிலில் சரியாக 100 ப்ரூஃப், அதாவது பாதிக்குப் பாதி ஆல்கஹால். புகையிலைச் சாறும் கண்ட நிறமும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில் இது பெரிய காவல். அதற்கு அடையாளம்தான் பச்சை ஸ்டாம்ப். மற்ற மதுவுக்குச் சிவப்பு. பச்சையில் இருக்கும் முகம் ஜான் கார்லைல், கென்டக்கிக்காரர், அந்தச் சட்டம் வந்தபோது நிதித்துறைச் செயலர்.

லென்ஸ் வைத்து வாசித்தேன். வடித்தது 1963 வசந்தம், பாட்டிலில் அடைத்தது 1969 இலையுதிர். வசந்தம் என்றால் ஜனவரி முதல் ஜூன், இலையுதிர் என்றால் ஜூலை முதல் டிசம்பர். விஸ்கிக்கு வருடத்தில் இந்த இரண்டே பருவம்தான். ஸ்டாம்பின் ஓரத்தில் 4/5 குவார்ட் என்று பழைய அளவு. இப்போதைய 750 மில்லி 1980இல்தான் கட்டாயமானது. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் சின்னதாக 69. பாட்டிலை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கண்ணாடியிலேயே வார்ப்பது 1964இல் நின்றது. இதில் அந்த வரி இல்லை. லேபிளில் ஸ்டிட்சல்-வெல்லரின் வடிசாலை எண் 16. ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. ஸ்டாம்பும் முழுதாக இருப்பதால் யாரோ காலி பாட்டிலில் வேறெதையோ நிரப்பியது என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

விஸ்கி, பாட்டிலின் தோள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஐம்பத்து நான்கு வருடத்தில் மூடி வழியாகப் போனது அவ்வளவுதான். விளக்குக்கு நேரே பிடித்தேன். கலங்கல் இல்லை. நல்ல சிவந்த தேன் நிறம்.

ஒன்றை எழுதி வைக்கிறேன், நண்பர்கள் அடிக்கடி கேட்பது. பாட்டிலுக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறாது. மரத்தோடு இருந்த காலம்தான் வயது. இது ஆறு வருட விஸ்கி, என்றைக்கும் ஆறு வருடம்தான். நான் ஆசைப்படுவது அதன் முதுமைக்கு இல்லை. 1963இல் அந்த இடத்தில் அந்தக் கைகள் செய்தது அப்படியே இருக்கிறதே, அதற்கு.

மார்ச் 23, சனி

பேஸ்மெண்ட் முடிந்தது. இன்னொன்றும் கிடைத்தது: குதிரை வடிவப் பீங்கான் குடுவை, உள்ளே விஸ்கி தளும்புகிறது. அறுபது, எழுபதுகளில் இப்படிக் குடுவைகள் ஆயிரக்கணக்கில் வந்தன, குடிப்பதைவிட அலமாரியில் வைக்கவே வாங்கினார்கள். மகளுக்கு அதையும் திறந்து பார்க்க ஆசை. நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். பீங்கான் மெருகில் ஈயம் இருக்கலாம், வருடக்கணக்கில் ஆல்கஹாலோடு இருந்தால் அது விஸ்கிக்குள் இறங்கும். வாசனையிலோ ருசியிலோ தெரியாது. சோதனைக்கூடத்தில் பார்க்காமல் ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது. சாக்கடையில் ஊற்றிவிட்டுக் குதிரையை மட்டும் பேரப்பிள்ளைக்கு எடுத்துப் போனார்.

மார்ச் 30, சனி

பழைய மது விற்கும் கடை ஒன்றுக்கு இருவரும் போனோம். இங்கே உரிமம் இல்லாத ஒருவர் இன்னொருவருக்கு மது விற்க முடியாது. ஆனால் 2018 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த கென்டக்கிச் சட்டப்படி, சந்தையில் இப்போது கிடைக்காத, திறக்காத பழைய பாட்டிலை உரிமம் உள்ள கடை நம்மிடமிருந்து வாங்கலாம். அதுவரை பரணிலும் பேஸ்மெண்டிலும் கிடந்தவை அதன்பின் வெளிச்சத்துக்கு வந்தன.

கடைக்காரர் பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் சொன்ன தொகை ஆயிரம் டாலருக்கு மேல். மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. பாட்டில் அவருடையது, நான் வாய் திறக்க நியாயமில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும் கேட்டார்: "இதை வாங்குறவங்க குடிப்பாங்களா?"

சிலர் குடிப்பார்கள், பலர் வைத்திருந்து இன்னும் அதிகத்துக்கு விற்பார்கள் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று சூரிய கிரகணம். லூயிவில்லில் முழுமைக்கு ஒரு நூல் குறைவு. அலுவலகம் பாதி நாள்தான். வெளிச்சம் திரும்பியதும் அந்த வடிசாலை இருக்கும் ஷைவ்லிக்குக் காரை விட்டேன்.

ஸ்டிட்சல்-வெல்லர் 1935 டெர்பி நாளில் திறந்தது. மதுவிலக்கு நீங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நடத்தியவர் ஜூலியன் வான் விங்கிள், எல்லோருக்கும் பாப்பி. 1893இல் வெல்லர் என்ற விஸ்கி வியாபார நிறுவனத்தில் ஊர் ஊராகப் போய் விற்கும் பையனாகச் சேர்ந்தவர். பர்பன் என்ற இந்த அமெரிக்க விஸ்கியில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருந்தாக வேண்டும். கூடச் சேரும் தானியம் பெரும்பாலும் ரை, அதுதான் மிளகுக் காரம் தருவது. இவர்கள் ரையை எடுத்துவிட்டுக் கோதுமை போட்டார்கள். ருசி வட்டமாக, மெத்தென்று ஆகிவிடும். பாப்பி 1965இல் தவறிப்போனார், 1972இல் குடும்பம் விற்றது, 1992இல் வடிப்பது நின்றது. ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெயர் இன்று வேறொரு நிறுவனத்திடம், வேறிடத்தில் வடிக்கிறார்கள். அதுவும் நல்ல விஸ்கிதான், நானே வாங்குவேன். ஆனால் இந்த இடத்து விஸ்கி இனி இல்லை.

புகைபோக்கியில் ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற எழுத்து இன்னும் நிற்கிறது. கிட்டங்கிச் சுவரும் மரங்களும் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. புகை படிந்ததல்ல, பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலைத் தின்று வளரும் பூஞ்சை. உள்ளே இன்றும் பீப்பாய்கள் முதிர்கின்றன, வேறு வடிசாலைகளில் வடித்தவை. கார் கண்ணாடியை இறக்கினேன். ஈர மரமும் வெல்லமும் கலந்தாற்போல் லேசாக ஒரு வாசனை. பெரியவர் தினமும் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுபோன வாசனை இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மகள் போன் செய்தார். விற்கவில்லை. டெர்பி அன்று திறக்கலாமா என்றார். அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறாராம், வயது எண்பத்தெட்டு, அவரையும் கூப்பிடுவதாகச் சொன்னார். போனை வைத்தபிறகு காலண்டரைப் பார்த்தேன். இந்த வருட டெர்பி மே 4. வடிசாலை திறந்த 1935 டெர்பியும் மே 4.

மே 4, சனி

காலி செய்த வீட்டில் மடக்கு மேசையும் நான்கு நாற்காலியும் டிவியும்தான் பாக்கி. நண்பரைப் பேத்தி கூட்டி வந்தாள். கைத்தடி, காது கொஞ்சம் மந்தம், ஆனால் உள்ளங்கை பலகை மாதிரி.

நாலரைக்குத் திறந்தேன். ஸ்டாம்பைக் கிழிக்க மனசு வரவில்லை, மூடி விளிம்போடு பிளேடால் கீறினேன். மூடி முதலில் அசையவில்லை. வெதுவெதுப்பான துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டதும் இளகியது. உள்ளே இருந்த கார்க் வட்டம் உதிர்ந்து இரண்டு துணுக்கு விழுந்தது. காபி வடிதாளில் வடித்துக்கொண்டோம்.

முதல் வாசனை நன்றாக இல்லை. பழைய அட்டைப்பெட்டி, ஈரத்துணி. மகள் முகம் வாடியது. இருக்கட்டும், மூச்சு விட நேரம் கொடுக்கலாம் என்றேன். ஐம்பது வருடம் அடைபட்டிருந்த பாட்டிலில் இது சகஜம். அரைமணி கழித்து அதே கிளாஸை முகர்ந்தபோது அட்டை வாசனை போயிருந்தது. கருப்பட்டிப் பாகு கம்பிப் பதம் தாண்டும்போது வருமே, அது. அடியில் வெண்ணெய் உருகும் மணம், ஜாதிக்காய், திறந்த மரப்பெட்டகம். நாக்கில் வைத்ததும் நூறு ப்ரூஃப் என்றே தெரியவில்லை, எண்ணெய்போல வழுக்கிப் பரவியது. செர்ரி வத்தல் போல ஒரு புளிப்பு நடுவில் வந்து போனது. விழுங்கி வெகு நேரம் கழித்தும் தொண்டையில் இளஞ்சூடும், கடைசியில் மெல்லிய தோல் வாசனையும். நான் குடித்த பர்பன்களில் இப்படி முடிவே இல்லாமல் நீண்டது வேறில்லை.

நண்பருக்கும் அதே மெல்லிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் தீர்த்தார்.

"ஐஸ் இருக்கா? இஞ்சி சோடா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்து நான்கு வருடம் காத்த விஸ்கியில் இஞ்சி சோடாவா? மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து என் வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜிலிருந்து ஐஸும் சோடாவும் கொண்டுவந்தார். உயரமான பிளாஸ்டிக் டம்ளரில் தாராளமாகக் கலந்து கொடுத்தார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தலையாட்டினார். "இதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சா நானும் உங்க அப்பாவும் இப்படித்தான் குடிப்போம். உங்க சமையல்கட்டுல."

பிறகு அவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறைந்த பீப்பாய் கால் டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை அடுக்கில் ஏற்றி உருட்டிவிட்டால் நிற்கும் இடத்தில் பீப்பாய்த் துளையின் அடைப்பு மேல்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒழுகும். அதற்கு, உருட்டும் முன்பே கடிகார முள் போலக் கணக்குப் பார்த்து, அடைப்பு எந்த மணியில் இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். "உங்க அப்பாவுக்கு அது தவறவே தவறாது. எங்களுக்கெல்லாம் இழுத்துத் திருப்பணும்." கிட்டங்கியில் அரசாங்கப் பூட்டு, அரசாங்க ஆள் வந்து திறந்தால்தான் உள்ளே போக முடியும். அந்த ஃபிட்ஸ்ஜெரால்டே அப்படிச் சாவி வைத்திருந்த அதிகாரிதான், நல்ல பீப்பாயாகப் பார்த்து ரகசியமாக எடுத்துக் குடிப்பாராம், அந்தப் பீப்பாய்களுக்கே அவர் பெயர் வந்துவிட்டது என்ற கதையையும் சொன்னார். வடிசாலை வாசலில் வேதியியலாளருக்கு அனுமதி இல்லை என்று பலகை இருந்ததையும் சொன்னார்.

ஒரு பாட்டிலை மட்டும் ஏன் ஒளித்து வைத்தார் என்று மகள் கேட்டார்.

"ஒளிச்சு வெச்சிருக்க மாட்டான். மறந்திருப்பான். அப்ப இது எங்க வேணும்னாலும் கிடைக்கும்."

ஏழு மணிக்குப் பந்தயம். மூன்று குதிரைகள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின, புகைப்படம் பார்த்துத்தான் மிஸ்டிக் டான் என்றார்கள். நூற்றைம்பதாவது டெர்பி. நண்பர் டம்ளரை நீட்டினார். இந்தத் தடவை நானே ஐஸ் போட்டு, சோடா ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று கலந்துகொண்டேன். வெண்ணெயும் ஜாதிக்காயும் சோடாவிலும் மங்கவில்லை.

மே 5, ஞாயிறு

பாட்டிலில் கால்பங்குக்கும் குறைவாக மிச்சம். காற்றுப் படாமல் இரண்டு சின்னக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பினேன். ஒன்று மகளுக்கு, ஒன்று நண்பருக்கு. காலி பாட்டிலையும் கூரியர்-ஜர்னல் தாளையும் நான் கேட்டேன், கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீடு கைமாறுகிறது. போகும்முன் கொல்லையில் பெரியவரின் தக்காளித் தொட்டிகளைக் காட்டி, வேண்டுமா என்றார். சாயந்தரம் நான்கையும் வேலிக்கு இந்தப் பக்கம் தூக்கி வைத்தேன்.