கடைசி கம்பத்து வோல்டேஜ்

"தம்பி, வெயில் ஏற ஏற என் சோலார் படுத்துவிடுகிறது. இது என்ன கணக்கு?" என்று கேட்டார் அந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

மதுரைப் பக்கம் ஒரு புறநகர்த் தெரு. நான் அந்தப் பிரிவில் உதவிப் பொறியாளர். 2024 பிப்ரவரியில் பிரதமரின் வீட்டுச் சூரிய மின்சாரத் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், ஒரு வருடத்துக்குள் அங்கே 9 மாடிகளில் பலகை ஏறிவிட்டது. வாத்தியார் வீடு கடைசி கம்பத்தில்.

உச்சிவெயிலில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 251, 252, 253... பலகையின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் 'டிக்' என்று லைனிலிருந்து கழன்றுகொண்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பச் சேர்ந்தது, மறுபடி கழன்றது. பழுது ஒன்றுமில்லை; லைனில் வோல்டேஜ் அளவுக்கு மீறினால் அது தானே கழன்றுகொள்ளும். மாடியில் உண்டாகும் கரண்ட் வெளியே போக வேண்டுமானால் இன்வெர்ட்டர் தன் வோல்டேஜை லைனைவிடச் சற்று உயர்த்தித்தான் தள்ள வேண்டும். பகலில் தெருவே வேலைக்குப் போயிருக்கும், எடுத்துக்கொள்ள ஆளில்லை. அத்தனையும் மெல்லிய கம்பியில் டிரான்ஸ்பார்மரை நோக்கி எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் கடைசி கம்பத்தில்தான் வோல்டேஜ் அதிகம் ஏறும். முதல் கம்பத்து வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது.

எனக்குச் சுலபமான வழி தோன்றியது. லைனை நிறுத்தி, 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் டேப்பை, அதாவது வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருப்பியை, ஒரு படி இறக்கினேன். ஒரு படி 2.5 சதவீதம், வீட்டில் சுமார் 6 வோல்ட். மத்தியானப் பிரச்சினை அடங்கியது. ராத்திரி 8 மணிக்கு போன் மேல் போன். ஏசி எடுக்கவில்லை, மிக்ஸி முக்குகிறது. அதே கடைசி கம்பத்தில் 207.

"சார், ராத்திரி லோ வோல்டேஜுன்னு நாங்கதான் அந்த டேப்பை ஏத்தி வச்சிருந்தோம்" என்றார் லைன்மேன் அண்ணன். முன்னமே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

தெரு பகலில் ஒன்று கேட்கிறது, ராத்திரியில் வேறு கேட்கிறது. டேப் இருப்பது ஒன்று. தினம் இரண்டு தடவை கரண்டை நிறுத்தியா திருப்புவது?

அப்புறம்தான் கம்பம் கம்பமாக நடந்தோம். தெருவுக்குக் கரண்ட் வருவது மூன்று பேஸில், அதாவது மூன்று தனிக் கம்பிகளில். 9 இன்வெர்ட்டரில் 6 ஒரே பேஸில்! விண்ணப்பம் வரவர, ஏணி எட்டிய கம்பியில் இணைத்திருக்கிறார்கள். மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரித்துவிட்டு டேப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினோம்.

வேலைக்கு முன் அண்ணனுக்கு ஒரு பயம்: லைனை நிறுத்தினாலும் மாடியிலிருந்து கரண்ட் திரும்பி வருமே? சப்ளை போனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும் என்றேன். தலையாட்டினார். ஆனாலும் லைனை எர்த் பண்ணிவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைத்தார். அவர் செய்ததுதான் சரி.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் வீட்டில் 248. போன வாரம் அதே தெருவிலிருந்து இன்னும் 4 விண்ணப்பங்கள் வந்தன. எந்த வீடு எந்த பேஸ் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், பென்சிலால்.