எட்டரை மணிக்கு மேல்

தில்லியில் ஒரு பெண்கள் விடுதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வெளியே போகும் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கும். பெயர், அறை எண், போகும் இடம், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து. 'போகும் இடம்' பத்தியில் முக்கால்வாசிப் பேர் 'மார்க்கெட்' என்றே எழுதுவார்கள். மெஸ்ஸில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு தினமும் மார்க்கெட்டில் என்ன வேலை என்று நாங்களும் கேட்டதில்லை. எட்டரைக்குள் வந்துவிட்டால் சரி.

2015 ஆகஸ்டில் தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழக விடுதியில் மாணவிகள் இரவு தாமதமாகத் திரும்ப இருந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். அதை எதிர்த்துக் கிளம்பியதுதான் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை என்ற இயக்கம். சீக்கிரமே தில்லியின் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "ரீடிங் ரூம் பதினொரு மணி வரைக்கும் திறந்திருக்கு மேடம். நாங்க எட்டரைக்கு உள்ளே வந்துடணும்னா, அந்த லைட் யாருக்காக எரியுது?" பாதுகாப்புக்காக என்று வார்டன் பதில் சொன்னார். பையன்கள் விடுதியில் பதிவேடே கிடையாது.

வளாகப் போராட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. மூன்று வருடத்தில் போராடியவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். நிர்வாகம் அங்கேயே இருக்கும். அதனால் எதையாவது விதியாக எழுதி வாங்கினால்தான் உண்டு. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு 1997இல் வந்தது. 1999இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) பாலியல் புகார்களை விசாரிக்க ஜிஎஸ்கேஷ் குழு அமைந்தது. அதற்கு மாணவர்களும் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டு வேறு குழு அமைத்தது. எழுதி வாங்கியதும் நிலைப்பதில்லை என்பதற்கு இதுவே போதும்.

ஆனாலும் தாளுக்கு ஒரு பலம் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகள் வைக்கக்கூடாது என்று, பாலியல் தொந்தரவைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த 2015 விதிமுறைகள் சொல்கின்றன. மாணவிகள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பேனாவால் கோடு போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். வார்டனுக்கு ஒன்று, முதல்வருக்கு ஒன்று. நேரம் முதலில் ஒன்பதரை ஆனது, அப்புறம் பத்தரை.

அந்த விதிமுறைகளின் தலைப்பில் மாணவிகளோடு பெண் ஊழியர்களும் இருக்கிறார்கள். மெஸ்ஸில் ஒப்பந்தத்தில் வேலை செய்த பெண்களிடம் இதை அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. மாணவிகள்தான் ஒருநாள் மதியம் பாத்திரம் கழுவும் இடத்துக்கே போய், இந்தியில் வாசித்துக் காட்டினார்கள். ஒப்பந்தக்காரர் அன்றைக்கே அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்.